சுரங்கம் எத்தனை முழம்?

தாம்பெரே நகரம், ஜனவரி,
மாலை நான்குக்கே இருட்டு.
என் சமையலறை மேசையில் ஏழு வாள்கள்,
ஏழும் காகிதம்.

நெடுவாளுக்கு எட்டு முகப் பகடை ஒன்று.
இருகை வாளுக்கு ஆறு முகத்தில் இரண்டு.
குறுவாளுக்கு ஆறு முகத்தில் ஒன்றே ஒன்று,
பாவம்.
வளைவாள், ஊசிவாள், பட்டைவாள்,
பிறகு ஹில்லெவி அடம்பிடித்துச் சேர்த்த கண்ணாடிவாள்.
ஒரே வெட்டு, அத்தோடு உடைந்துபோகும்.
அவள் வாழ்க்கையில் எல்லாமே அப்படித்தான், கேட்காதீர்கள்.

இராத்திரி முழுக்கக் கணினியை மோதவிட்டேன்.
பதினாயிரம் சண்டை.
ஒருவர்கூட வலியில் கத்தவில்லை,
விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
விடிந்ததும் பார்த்தால்
நூற்றுக்கு அறுபத்தொன்று நெடுவாளுக்கு.

ஒரு புள்ளியைப் பிடுங்கினேன்.
வளைவாள் தலைதூக்கியது.
அதன் வேகத்தை அடக்கினேன்.
அதுவரை மூலையில் நல்ல பிள்ளையாக இருந்த ஊசிவாள்
கண்ட கவசத்தையெல்லாம் பொத்தலாக்கியது.
அதையும் மழுக்கினேன்.

பதினோராம் நாள் எல்லாம் சமம்.
ஏழு பெயர், ஒரே இரும்பு.
“எதை எடுத்தாலும் ஒன்றுதானென்றால்
என்னை ஏன் எடுக்கச் சொல்கிறாய்?”
யார்க்கோ கேட்டான்.
வரி அலுவலகத்தில் வேலை,
சமமாகப் பிரிப்பதன் சலிப்பு தெரிந்தவன்.

வியாழக்கிழமை ஆட்டம்.
நனைந்த காலணிகள் வாசலில் வரிசையாக,
ஏலக்காய் ரொட்டி, மூன்றாவது கெண்டி காப்பி.
பூதங்களின் சுரங்கத்துக்குள்
துவூக்கா முதலில் இறங்கினான்.
அவனுடைய வீரன் ஓர்வர்,
மூன்று வருடம் சாகாமல் காப்பாற்றியவன்,
தோளில் இருகை வாள்.

“வெட்டுகிறேன்” என்று
பகடையை உருட்டக் கை ஓங்கியபோது
சைலா கேட்டாள்:
“சுரங்கம் எத்தனை முழம்?”

டிராம் ஓட்டுகிறவள்.
வளைவில் முன்பாகம் திரும்பும்போது
பின்பாகம் எவ்வளவு வெளியே வீசும்,
நடைமேடையில் நிற்பவனின் முழங்கைக்கும் பெட்டிக்கும்
எத்தனை விரல் இடைவெளி
என்பதெல்லாம் அவளுக்கு உடம்பிலேயே இருக்கிறது.

நான் யோசித்ததே இல்லை.
பதினாயிரம் சண்டையும்
சுவரே இல்லாத ஏதோ வெளியில் நடந்திருக்கின்றன,
கூரையில்லை, மரமில்லை, வழுக்கும் பாசியில்லை.

“இரண்டு முழம்” என்றேன், வாய்க்கு வந்ததை.

“வாள்?”

“...மூன்றரை.”

மேசை அமைதியானது.
ஓங்கிய வாள் கூரைப் பாறையில் சிக்கிக்கொண்டது.
ஓர்வர் அதை இழுத்தான்.
இழுக்கிற அந்த ஒரு மூச்சுக்குள்
பூதம் குனிந்து வந்தது.

மிச்சத்தைச் சைலா முடித்தாள்,
யாருமே சீண்டாத குறுவாளை வைத்து,
ஆறு முகத்தில் ஒன்றே ஒன்றை உருட்டி உருட்டி,
முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு,
நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

துவூக்கா ஒன்றும் சொல்லவில்லை.
ஓர்வரின் தாளை நான்காக மடித்துக்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.
எழுந்துபோய் எல்லார் கோப்பைகளையும் கழுவினான்,
கழுவியதையே மறுபடி கழுவினான்.
போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினான்,
அதுதான் உறுத்தியது.

எல்லாரும் போனபின் பிடுங்கிய புள்ளிகளை
ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.
நெடுவாளுக்கு அதன் திமிர்,
ஊசிவாளுக்கு அதன் நஞ்சு.
தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம்:
நீளம், முழத்தில்.
பென்சிலால்தான்.

பன்னிரண்டே காலுக்குக் கைபேசி மினுங்கியது.
துவூக்கா.
“இரண்டு முழம் என்றாயே,
அது தோள் மட்டத்திலா, தலைக்கு மேலேயா?
குத்தியிருந்தால் சிக்கியிருக்காதே?
குத்தலாமா என்று நீ கேட்கவே இல்லை.”

பதில் எழுதாமல்
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனேன்.
இரண்டு கையாலும் பிடித்து ஓங்கினேன்.
விளக்குக் கூண்டு நொறுங்கிக் காலடியில் கொட்டியது.
கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

இருட்டில், சில்லுகளை மிதிக்காமல்,
காம்பை இடுப்போடு அணைத்து
நேராக நீட்டிப் பார்த்தேன்.

போகிறது.
கதவுவரைக்கும் போகிறது.