வாரேன்

இங்கே யாரையும் சார் என்று கூப்பிடக்கூடாது,
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
பெருமாள்புரத்தில் இரண்டாம் மாடி,
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஆபீஸ்.
ஜன்னலோரம் மூட்டை மாதிரி இருக்கைகள்,
உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும்.
நடுவில் கேரம் போர்டு.
வருகைப் பதிவேடு எங்கே என்று கேட்டேன்.
சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

வண்ணார்பேட்டை லாரி புக்கிங் ஆபீசில்
ஆறு வருஷம் இருந்தவள் நான்.
ஒன்பது ஐந்துக்குச் சிவப்புக் கோடு விழும்.
மூன்று கோட்டுக்கு அரைநாள் சம்பளம்.
முதலாளியின் கார் கதவு சாத்தும் சத்தத்துக்கே
எழுந்து நின்று பழகிய முழங்கால்.
வேலை என்றால் நிற்பது என்றிருந்தேன்.

மேலாளர் எப்சிபா
என்னைவிட இரண்டு வயது இளையவள்.
பேர் சொல்லியே கூப்பிடு என்றாள்.
மேடம் கூடாது, அக்கா என்றால் வயது இடிக்கும்,
எப்சிபா என்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.
ஒரு மாதம் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசினேன்.
"இதப் பாக்கணும்."
"அது முடிஞ்சிட்டு."
தமிழுக்கு இந்தச் சௌகரியம் உண்டு.

பிறகு இளகினேன்.
பத்தரைக்கு வந்தேன்.
சிவப்புக் காயைக் குழியில் தள்ளப் படித்தேன்.
யாரும் பார்க்கவில்லை என்பதை
யாரும் எதிர்பார்க்கவில்லை என்று
வாசித்துக்கொண்டேன்.

ஆனி மாதம், ஒரு வியாழன்.
மேற்கே மலை தெரியவில்லை.
முக்கூடல் பக்கம் ஒரு பால் சங்கம்,
ரசீது அடிக்கிற புரோகிராமில் சின்னத் திருத்தம்.
சாயங்காலம் முடிந்துவிடும் என்று எழுதினேன்.
நாலு மணிக்கு ஆவுடைத்தங்கம் கார் சாவியை ஆட்டினாள்:
"ஏட்டி உச்சி, குத்தாலத்துல தண்ணி விழுதாம்."
பாதித் திருத்தத்தை அப்படியே விட்டுப் போனேன்.
குளித்தேன், மிளகாய் பஜ்ஜி தின்றேன்,
போன் பைக்குள், பை காருக்குள்.

பால் சங்கத்தின் சாயங்காலம்
விடியற்காலை நாலரைக்கு முடிகிறது.
எனக்குத் தெரியாது.
நான் கேட்கவும் இல்லை.
தூக்கும் கேனுமாக வரிசை நிற்க,
இயந்திரம் வெறுந்தாளைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே வந்து
நின்றேன்.
திட்டு வரும்.
வரவில்லை.
எப்சிபா மூட்டையில் கால் மடக்கி
இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கண் சிவந்து.
சாப்பிட்டியா என்றாள்.
சங்கத்துக்கு அவள் அனுப்பிய கடிதம் திரையில் இருந்தது.
நாலு நாற்பதுக்கு உங்கள் அழைப்பு.
ஐந்து பத்துக்குச் சரியானது.
தவறு எங்களுடையது.

எங்களுடையது.
ஏழு எழுத்து.
என் பெயரைத் தேடினேன், எங்குமில்லை.
லாரி ஆபீசில் கோடு விழுந்தால் கணக்கு தீர்ந்துவிடும்,
அரைநாள் போச்சு, ஆளை விடு.
இது தீரவில்லை.

சங்கத்துச் செயலாளர் பரமார்த்தலிங்கத்துக்கு
நானே போன் போட்டேன்.
மன்னிப்பைப் பாதியில் நிறுத்தினார்:
"அது கெடக்கட்டும்மா.
வராதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா
கையால எழுதியிருப்போம்லா."

எங்கள் பக்கம் கிளம்புகையில்
போறேன் என்று சொல்வதில்லை.
வாரேன் என்போம்,
போகிறவர் வாசலில் வைக்கிற ஈடு.
இந்த ஆபீசில் யாரும்
சொல்லிக்கொண்டு போவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
எழுதிவைத்துப் போகிறார்கள்.
தினமும் எனக்கும் வந்திருக்கிறது,
திறக்காமல் கிடந்தது நூற்றுச் சொச்சம்.

நேற்று மூன்றேகாலுக்கு எழுதினேன்.
'எப்சிபா, கொழுப்பு அளவுக் கட்டம் இன்று முடியாது.
பழையதையே ஓடவிட்டிருக்கிறேன்.
சங்கத்தில் சொல்லியாச்சு.
நாளைக் காலைக் கறவைக்குள் வராது,
மாலைக் கறவைக்கு வரும்.
வாரேன்.'

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பதை
அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

உடனே கிளம்பவில்லை.
இரண்டு ஆட்டம் கேரம்.
இரண்டிலும் தோற்றேன்.