ஒரே ஒரு ர

சாட்ஸ்வொர்த், ஐந்தாம் யூனிட்.
சங்கத்து மண்டப வாசலில் ஒரு கறுப்புப் பலகை.
வெள்ளை பிளாஸ்டிக் எழுத்துகள் பிஸ்கட் டின்னில்.
டின்னுக்குப் பொறுப்பு நான்.
சம்பளம் கிடையாது, சாவி உண்டு.

மூன்று ர இருந்தன.
ஒன்றைக் குரங்கு தூக்கிப்போய்
கடித்துப் பார்த்து
நாயுடு வீட்டுக் கூரையில் துப்பியது.
ஒன்று டிசம்பர் ஆலங்கட்டியில் போயிற்று.
ஆங்கில எழுத்து பாக்கெட் எண்பது ராண்ட்;
தமிழுக்கு டர்பனில் கடை இல்லை.

ஆகவே ஒரு நேரத்துக்கு ஒரு ர.
பூக்காரி வந்து சரம் என்று போடச் சொன்னால்
அன்றைக்குச் சமையல்காரனுக்கு ரசம் கிடையாது.
இருவரும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.
அதே மூன்று எழுத்துதானே ஐயா,
மூக்கைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

காவடி மாதத்தில் ரதம் வைத்தேன்.
மறுநாள் துடைத்துத் திரும்பச் செருகுகையில்
கை பிசகித் தரம் ஆகிவிட்டது.
என் மகள் ஏழாம் தரத்தில் தோற்ற வருடம் அது.
ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

போன மாதம் குழாய்களில் எட்டு நாள் காற்று.
தண்ணீருக்காகக் கூட்டம் போட்டோம்.
எனக்கு முழங்கால் வீக்கம்,
குபேன் ஏறினான்.
அவனுக்குத் தமிழ் பார்க்கத் தெரியும், படிக்கத் தெரியாது.
நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து
வளைவுக்கு வளைவு ஒப்பிட்டு வைத்தான்:

நம் நரகம்
கூட்டம் ஆறு மணி

மூன்று நாள் தொங்கியது.
டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.
இருநூறு பேர் காலி வாளிகளோடு
அதன் கீழே நுழைந்தார்கள்.
கவுன்சிலர் மைக்கைத் தட்டி
பொறுமை, பொறுமை என்றார்.
ஆறு என்றால் எண்,
ஆறு என்றால் ஓடுவது,
ஆறு என்றால் கோபம் தணி.
அன்று மூன்றில் முதலாவது மட்டும் நடந்தது.

கடைசி வரிசையில் ஒருத்தி
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
தனபாக்கியம். சுடுகாட்டு அலுவலகத்தில் ரசீது எழுதுபவள்.
படித்திருக்கிறாள்!
அந்த மண்டபத்தில் அதுவரை
எனக்கு இப்படி யாரும் கிடைத்ததில்லை.

மாற்றிவிடவா? என்றேன்.
தண்ணி வரட்டும், அப்புறம் என்றாள்.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு
குழாய் இருமியது, செம்மண் துப்பியது, பிறகு ஊற்றியது.
விடிந்ததும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறி
இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன்.
நகரம்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் கால்பந்து நடுவர் முகாம்பரி போய்விட்டார்.
இரங்கல் போட வேண்டும்.
டின்னைக் கவிழ்த்தேன், தெரிந்தும் தேடினேன்.
வேறு வழியில்லாமல் நகரத்திலிருந்து ர-வைப் பிடுங்கி
அவருக்குக் கொடுத்தேன்.

மேல் வரியில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு சந்து.
நம் நக ம்.
படம் எடுத்துத் தனபாக்கியத்துக்கு அனுப்பினேன்,
என்ன செய்யட்டும் என்று.

ரசீது எழுதும் நடுவில் பதில் போட்டாள்:
நகம்தானே, வளரும். விடு.