சைஸ் இருபத்தெட்டு

ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்நாட்டு இளவரசன்
முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறான்.
சாப்பாட்டு மணியில் கட்டிங் செக்‌ஷன் இம்தியாஸ்
செல்போனை நீட்டினான்:
"மூஞ்சிய இன்னா பாக்கறே, கால பாரு."

கால் அவனுடையது. மற்றது நாங்கள்.
கருப்பு, கன்றுத்தோல், சைஸ் இருபத்தெட்டு,
ஒற்றைப் பட்டை.
பட்டை வளையும் இடத்தில் நூல்
இரண்டு தையல் பின்னால் போய் முன்னால் வந்திருக்கிறது.
மூன்றாவது லைனில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.
பேரணாம்பட்டில், பங்குனி வெயிலில்,
கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில் தைத்தது.

அதிலிருந்து அவனைப் பற்றி
அகப்பட்டதையெல்லாம் பார்க்கிறேன்,
ராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு.
நாலு மொழி. குதிரை. பியானோ.
அவித்த முட்டையை எந்தக் கரண்டியால் உடைப்பது.
மாடத்தில் நின்று கையசைக்கும்போது
முழங்கை எவ்வளவு உயரலாம்.
பொது இடத்தில் தும்மல் வந்தால் என்ன செய்வது.
தாத்தாவின் சவ ஊர்வலத்துக்கு முந்தின இரவு
காலிப் பெட்டியை வண்டியில் ஏற்றி
அதன் பின்னால் நடக்கப் பழக்கினார்களாம்,
பட்டாளத்து அடிக்குச் சமமாக
அந்தச் சின்னக் கால்களை.

காலிப் பெட்டி என்றதும்
எங்கள் டிரெயினிங் ஹால் ஞாபகம் வந்தது.
நூல் கோக்காத ஊசி.
தோலுக்குப் பதில் கோடு போட்ட காகிதம்.
ஒன்றரை மாதம் ஒன்றையும் தைக்காமல்
தைத்துக்கொண்டிருந்தோம்.
கோட்டை விட்டு ஓட்டை விலகினால்
நுஸ்ரத் மேடம் காகிதத்தை விளக்குக்கு நேரே தூக்கி
எல்லோருக்கும் காட்டுவார்.

ஒரு வீடியோவில் ஒருத்தி மைக்கை நீட்டி
பெரியவனானதும் என்ன ஆவாய் என்று கேட்கிறாள்.
சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.
அவன் அம்மாவைப் பார்க்கிறான்.
பிறகு அவனும் சிரிக்கிறான், கொஞ்சம் தாமதமாக.

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.
மூன்றாம் வகுப்பில் சொல்வதெழுதல்.
வாத்தியார் 'காலணி' என்றார்.
நான் 'காலனி' என்று எழுதினேன்.
சிவப்பு மையில் சுழித்துவிட்டு,
"பரவால்ல விடு, உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.
வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன். தாமதமாகத்தான்.

இரண்டும் ஒன்றா என்றால், இல்லை.
அவனுக்கு அரண்மனை.
எங்களுக்குத் தோல் ஷாப்பு கழிவு இறங்கிய கிணறு.
அப்பா தொட்டியில் இறங்கித் தோல் மிதித்தவர்,
கால்நகம் கடைசிவரை நீலம்.
பிறக்கும்போதே வேலை கிடைத்த குடும்பம் எங்களுடையது,
அவர்களுடையதைப் போல.
இதை இம்தியாஸிடம் சொன்னேன்.
புரையேறி, தண்ணீர் கேட்டான்.

ஒன்று மட்டும் யாரும் கவனிக்கவில்லை.
அந்த முதல் நாள் படத்தில்
இடது கால் வலது காலின் மேல் லேசாக ஏறியிருக்கிறது.
குதிகாலில் கடிக்கிறது.
குனிந்து பட்டையைத் தளர்த்தக் கூடாதென்று
சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இப்போது அதே மாடல் திரும்ப வந்திருக்கிறது.
முப்பதாம் சைஸும் இருக்கிறது.
பிள்ளை வளர்ந்திருப்பான்.
பட்டையில் இன்னொரு ஓட்டை போடலாமா என்று
நுஸ்ரத் மேடத்திடம் கேட்டேன்.
ஸ்பெக் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இதுல இல்லியே, குணவதி" என்றார்.

இரண்டாயிரத்து நானூறு ஜோடி.
எது அவன் காலுக்குப் போகும் என்று தெரியாது.
எல்லாவற்றையும் அவனுக்கென்றே தைத்தால்
இன்றைய டார்கெட் தப்பும்.
குதிகால் மடிப்பை மட்டும்
ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் அழுத்தி
மெதுவாக்கி அனுப்புகிறேன்.
நாலு மணிக்குள் விரல் மரத்துவிடுகிறது.