இடுப்பில் இரண்டு தட்டு

மதியத் தூக்கத்தில் இருந்தபோது விற்றார்கள்.
விற்றார்கள் என்று சொல்லக் கூடாதாம்,
மாற்றிக்கொண்டார்கள்.
ஏஜென்ட் சொல்லி முடிக்கும் முன்பே
போனில் ஒரு வரி:
நீங்கள் இக்குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்.

மெம்ஃபிஸில் அன்று அரைக்கைச் சட்டை வெயில்.
மினியாபொலிஸில் இறங்கியதும்
மூக்குக்குள் முடி உறைந்தது.
முப்பத்தோரு வயது, ஆறடி ஏழு அங்குலம்,
ஒரு பெட்டி, இரண்டு ஜோடி ஷூ.
மனைவியும் மகளும் ஜூன் வரை அங்கேயே;
சின்னவளுக்குப் பள்ளி முடிய வேண்டும்.

ஏழாம் எண் இங்கே வேறொருவனுடையது.
நாற்பத்து மூன்றைக் கொடுத்தார்கள்.
லாக்கரின் மேல் வெள்ளை டேப்பில்
மார்க்கரால் எழுதிய என் பெயர்,
திபோடோவில் ஓரெழுத்தை விழுங்கி.
உட்காரும் பலகைக்கடியில் விரலில் தட்டுப்பட்டது
காய்ந்த சூயிங் கம்.
கோர்டெல் வின்ஃபீல்ட் மென்றது.
எனக்கு ஈடாகப் போனவன்.

முதல் ஆட்டத்தில், மூன்றாம் வரிசையில்,
ஒரு சிறுவன் அவன் ஜெர்சியைத்தான் போட்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும் கோட்டின் ஜிப்பைக்
கழுத்துவரை இழுத்துக்கொண்டான்,
மரியாதைக்கு.

எண்பத்தாறு திட்டங்கள். ஒரே வாரத்தில்
மூளை படித்துவிட்டது.
கால்கள்தான் படிக்கவில்லை.
இங்கே கோச் முஷ்டியைத் தூக்கினால்
இடது மூலைக்கு ஓட வேண்டும்.
அங்கே முஷ்டி என்றால் நடுவே வெட்டிப் புகு.
புகுந்தேன்.
நான் இருந்திருக்க வேண்டிய மூலைக்குப்
போன பந்து
ஒருத்தியின் பாப்கார்னில் விழுந்தது.

யாரும் திட்டவில்லை. அதுதான்.
பரவாயில்லை, பரவாயில்லை என்றார்கள்
விருந்தாளி தம்ளரை உடைத்ததுபோல.
விமானத்தில் சீட்டாடுவது நாலு பேர்,
எப்போதும் அதே நாலு பேர்.
சென்டர் ரைட்டிஸ், லித்துவேனியாக்காரன், ஏழடி,
வாயே திறக்க மாட்டான்.
எங்கே மறித்து நிற்பான், எந்தப் பக்கம் திரும்புவான்
தெரியாமல் இரண்டு முறை
அவன் தோளிலேயே போய் மோதினேன்.
சுவர்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

பதினோராம் இரவு, தெரியாத எண்.
"கோர்டெல் பேசறேன்."
கொஞ்ச நேரம் இருபக்கமும் மூச்சு மட்டும்.
"உங்க ஊர்ல ராத்திரி பதினொன்னுக்கு மேல
சாப்பாடு எங்க கிடைக்கும்?"
பாலத்துக்குக் கீழே, கெளுத்தி வறுவல்,
காரம் தூக்கலாக் கேளு என்றேன்.
"ஃப்ளெச்சர் பந்து கேட்டுக் கத்துவான், குடுத்துடாத.
கத்தாம நிப்பான் பாரு, அப்பக் குடு."
சொல்லும்போது
வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றுவது போலிருந்தது.
நகம் கொஞ்சம் வலித்தது.

அவன் யோசித்தான்.
"ரைட்டிஸ் பேச மாட்டான். இடுப்பப் பாரு.
ரெண்டு தட்டு தட்டினா இடது பக்கம் வர்றான்.
ஒரு தட்டுன்னா ஒன்னுமில்ல,
முதுகு வலி."

மறுநாள், மூன்றாம் கால்பகுதி.
தட்டு.
தட்டு.
கால்கள் என்னைக் கேட்காமலே போயின.
ஒரு கதவகலத்துக்கு வழி திறந்தது.
அதில் வந்தது பந்து,
நான் நினைத்ததற்கு அரை நொடி முன்னதாக,
நெஞ்சில் பட்டுத் தெறித்து
கோட்டுக்கு வெளியே.

அரங்கமே உச்சுக்கொட்டியது.
ரைட்டிஸ் திரும்பினான்.
அவன் பாஷையில் ஏதோ, நீளமாக,
எச்சில் தெறிக்க,
அதற்கு நடுவில் தெளிவாக:
திபோடோ.
ஓரெழுத்தும் விழுங்காமல்.

என் தப்பு என்று கையைத் தூக்கியபடி
திரும்பி ஓடினேன்.
பெஞ்சில் யாரோ சிரித்தான்.
பத்துப் புள்ளி
பின்தங்கியிருந்தோம்.