ஏழாம் எண் கணினி

தெஸலோனிக்கி ரயிலடிக்குப் பின்னால் எங்கள் கடை.
ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூரோ.
வியாழன் மதியம், தான் பார்த்துக்கொள்ளும் கிழவியைக்
குளிப்பாட்டி உறங்கவைத்த பிறகு
சோப்பு மணம் போகாத கைகளோடு வருவாள் ட்சியாலா.
அவளுக்கு ஏழாம் எண்தான் வேண்டும்.
முதுகுக்குப் பின்னே சுவர் மட்டும் இருக்கிற ஒரே நாற்காலி.
அதில் ஒரு மாலுமி உட்கார்ந்திருந்தால்
குடையை மடியில் வைத்துக்கொண்டு
அவன் எழும்வரை காத்திருப்பாள்.

உட்காருமுன் குனிந்து
கீபோர்டு வயரை விரலால் தடவிக்கொண்டே போவாள்,
நடுவில் எங்காவது புடைத்திருக்கிறதா என்று.
காய்ச்சல் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

வங்கியின் முகவரியை எழுத்தெழுத்தாய் அவளே அடிப்பாள்.
மின்னஞ்சலில் வந்த இணைப்பென்றால்
நடுத்தெருவில் கிடக்கும் பணப்பை மாதிரி,
சுற்றிக்கொண்டு போவாள்.
பூட்டுப் படம் வந்ததா? வந்தது.
பிறகுதான் அந்த வேலை.

கடவுச்சொல்லை அவள் நேராக எழுதுவதில்லை.
வால் முதலில்.
மவுஸைச் சொடுக்கி, அதற்கு முன்னால் தலை.
இடையில் வேண்டாத நாலு எழுத்து; அவற்றை அழித்துவிட்டு இடுப்பு.
எவனாவது ஒளிந்திருந்து விசைகளைப் பொறுக்கினால்
கந்தல்தான் மிஞ்சும்.
உள்ளே ஒரு பெயர் இருக்கிறது என்று மட்டும் ஊகித்தேன்,
உதடு அசைவதை வைத்து.
அதற்குமேல் பார்க்காமல் காபி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

முடிந்ததும் வெளியேறுவாள். வரலாற்றை அழிப்பாள்.
ஜன்னல்களை மூடி, கணினியை அணைத்து மறுபடி உயிர்ப்பிப்பாள்.
கடைசியில் திரையைக் கைக்குட்டையால் துடைப்பாள்.
அது எதற்கென்று எனக்குப் புரிந்ததேயில்லை.
பக்கத்து மேசைகளில் பையன்கள்
ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படியும் பணம் குறைந்தது.

மார்ச்சில் இருநூறு. மே மாதம் நானூறு.
ஜூனில் ஒரே வாரத்தில் மூன்று முறை.
திரையில் தேதி, நேரம், இடம் எல்லாம் இருந்தன:
குத்தாயிசி, சந்தைக்கு எதிர்த்த ஏடிஎம்.
கள்ளச்சாவி போட்டவன் எவனுமில்லை.
கிளம்பும் நாளில் நுக்ஸாரின் கைக்கெட்ட
சர்க்கரைக் கிண்ணத்தடியில் அவளே வைத்துவிட்டு வந்த அட்டை.
உறையின்மேல் அவள் கையெழுத்தில் நாலு எண்கள்.
பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் என்று.

"கடவுச்சொல்லையாவது மாற்றிவிடுங்களேன்" என்றேன்.
"பொதுக் கணினியிலா?" என்றாள்,
நான் ஏதோ ஆபாசமாகச் சொல்லிவிட்டதுபோல.

தொலைபேசிக் கூண்டு மூன்றுக்குள் போய்க் கதவை இழுத்தாள்.
அதன் கீல் போய் இரண்டு வருடமாகிறது,
எப்போதும் ஒரு சாண் திறந்தே நிற்கும்.
அட்டையை முடக்கச் சொன்னாள், உடனே, ஆமாம், என் பெயரில்தான்.
அந்தப் பக்கம் ரகசியக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.
பேச்சு நின்றது.
மீட்டர் மட்டும் ஓடியது, பத்துப் பத்துக் காசாக.
பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தன் மொழியில்,
ஒரு ஊரின் பெயர்.
யாரும் கேட்காமலேயே இன்னொன்றும்:
"மழை பெய்துகொண்டிருந்தது. அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன்."

சரியான பதில்தான் போலிருக்கிறது.
அட்டை முடங்கியது.

நான் கிரேக்கன்தான். ஆனால் பிறந்தது பதூமியில்.
பதினோரு வயதுவரை தெருச்சண்டை எல்லாம் அவள் மொழியில்தான்.
முதலில் இதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.
பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

இரண்டு யூரோ நாற்பது.
மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
வாசலில் நின்று ஏழாம் எண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.
திரை கறுத்திருந்தது.
அதனிடம் அவளைப் பற்றி ஒன்றுமில்லை.

அந்த ஊரின் பெயர் என்னிடம் இருக்கிறது.
இங்கே எழுதவில்லை.