ஏழு தகரம்

ஏழு தகரம்.
எண்ணித்தான் கழற்றினார்கள்.
ஆணியைக்கூட வளைக்காமல், பொறுமையாக,
சொந்த வீட்டைப் பிரிப்பவர்கள் மாதிரி.
ஏணியைப் பிடித்திருந்தவன் என் தம்பி யோகராசு.

பொகவந்தலாவையில் ஒக்டோபர்.
மழைக்கு நேரம் காலம் கிடையாது.
பதினோராம் லயத்தின் கடைசிக் காம்பராவில்
மேலே வானம் மட்டும் இருக்க
நாங்கள் ஒன்பது பேர் நின்றோம்.
பாய் நனைந்தது. கஞ்சிரா நனைந்தது.
வேதத்தை பிலோமினா அக்கா
கொழுந்துப் படங்குக்குள் சுற்றி
பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

முதலில் சிரித்தது எபிநேசர்.
ஸ்டோரில் மெஷினுக்கு இரண்டு விரலைக் கொடுத்தவர்.
"கர்த்தர் நம்மளக் கிட்டத்துல பாக்கணும்னு
மூடியத் தெறந்துட்டாரு" என்றார்.
பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.
வெளியே நின்றவர்களுக்கு அதுதான் கோபம்.
அழுதிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த கிழமை பீலியடியில்
என் குடம் மட்டும் வரிசைக்குக் கடைசியில் கிடந்தது.
மலையில் எனக்குக் கிடைத்தது செங்குத்து நிரை,
அட்டைக்கடி, பன்றி உழுத பள்ளம்.
பதினெட்டுக் கிலோ கேட்டார்கள், பதினேழு இருந்தது.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று கழித்து
அரைப்பேர் போட்டார் கணக்கப்பிள்ளை.
முகத்தைப் பார்க்காமல் போட்டார், அதற்கு நன்றி.

பொறுமைக்காரி என்று என்னை யாரும் சொன்னதில்லை.
அன்றிரவு பாணைப் பிய்த்தபடி
ஆண்டவரோடு சண்டை போட்டேன்.
"உமக்கென்று கொடுத்தது என்னை.
என் மகனின் சப்பாத்துக் காசையுமா எடுப்பீர்?"
பதில் இல்லை.
பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமினார்கள்.

ஒப்புக்கொடுக்கிறேன்.
ஞாயிறுதோறும் கை தூக்கிச் சொன்ன சொல்
அந்த இருட்டில்தான் எனக்கு விளங்கியது.
தலையிலிருந்து கூடையை இறக்கி
தராசில் விட்டபின் அது நம்முடையதில்லை.
மலையில் ஒவ்வொரு நாளும் மூன்று தரம் செய்கிறேன்,
இங்கே செய்யத் தெரியவில்லை.
விட்டேன்.
என் ஈரம், என் சாக்கு,
முற்றிய காம்பு, கோபத்தில் கிள்ளிய கரட்டிலை,
எதையும் கழிக்காமல்
முழுப்பேராய் எடுத்துக்கொண்டார்.
ஏனோ சந்தோஷமாய் இருந்தது.
வயிறு காலிதான், சந்தோஷமாய் இருந்தது.

நவம்பரில் மண் சரிந்தது.
இரவு இரண்டு மணிக்கு
ஆறாம் லயத்தின் பின்சுவர் வழியே மலை உள்ளே வந்தது.
யோகராசுவின் கால் தூணுக்கடியில்.
கதவு தேடினோம், கட்டில் பலகை தேடினோம்.
அவன் மாட்டுக்கொட்டிலில்தான் கிடைத்தது,
எபிநேசர் சிவப்புப் பெயின்டில் இலக்கம் போட்ட
எங்கள் ஏழாவது தகரம்.
அதில் அவனைக் கிடத்தி
இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்,
அந்தப் பக்கம் ஏணி கொண்டுவந்த இரண்டு பேர்,
வழுக்கி வழுக்கி லொறி வரும் ரோட்டுக்கு நடந்தோம்.
"கூரையப் பிரிச்சு ஆள எறக்குன கதை தெரியும்.
கூரையிலயே ஆளத் தூக்கிட்டுப் போறது இப்பதான்"
என்றார் எபிநேசர், டோர்ச்சைப் பிடித்தபடி.
அந்த வலியிலும் தம்பி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
உயிர் இருக்கிறது என்று நிம்மதியானோம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள்.
தகரத்தைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
கொண்டுபோன தோடம்பழத்தை
தோலுரித்துத் தரச் சொன்னான். தந்தேன்.
மற்ற ஆறும் இன்னும் அவன் கொட்டிலில்தான்,
மாடு நனையாமல் நிற்கிறது.

நடுவில் நெளிந்த ஒற்றைத் தகரத்தை
ஜெபவீட்டின் மூலையில் சாய்த்து ஆணியடித்தோம்.
ஒன்பது பேரில் யார் அதன் கீழே நிற்பது?
பிலோமினா அக்கா கஞ்சிராவைக் கொண்டுபோய் வைத்தாள்.
"அது நனைஞ்சா சத்தம் வராதுடி."

திங்கள் காலை பீலியடியில்
குடத்தை நகர்த்தாமலே ஒருத்தி கேட்டாள்,
நேற்று ராத்திரி என்ன அவ்வளவு சத்தம் என்று.
மழை, என்றேன்.
கொஞ்சம் நாங்களும்.