பத்து மில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்கு அந்தப் புள்ளிகளைப் பிடிக்காது.
திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில்
ஐம்பது மில்லுக்கு ஒன்றாக.
மௌஸை எங்கே விட்டாலும்
அங்கே இல்லை, இங்கே என்று
மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைக்கும் புள்ளிகள்.

நவம்பர். ஷ்கோஃபியா லோகாவில், பேக்கரிக்கு மேலே எங்கள் அலுவலகம்.
விங்கோவின் தேன்பெட்டிகளுக்குத்
தராசு வரைந்துகொண்டிருந்தேன்.
பனிக்கடியில் கிடக்கும் பெட்டியை
ராத்திரிக்கு ஒருமுறை நிறுத்து
எடையை அவர் ஃபோனுக்கு அனுப்ப வேண்டும்.
மூடியைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும்.
எடைதான் நலம் விசாரிப்பு.

ரீசெட் பின்னுக்கு மேலே ஒரு ரெசிஸ்டர்.
அது இரண்டு பெயர்களுக்கு நடுவே
பஸ்ஸில் நிற்பதுபோல் இடித்துக்கொண்டு நின்றது.
ஸ்னாப்பை அணைத்தேன்.
ஒரே ஒரு தள்ளு, பத்து மில்.
படம் மூச்சு விட்டது, நானும் விட்டேன்.
ஸ்னாப்பை மறுபடி போட்டு
வயரை அதன் காலுக்கு இழுத்தேன்.
தொட்டது.

விதிச் சோதனை
இருநூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் தந்தது.
போன வாரம் இருநூற்றுப் பதினொன்று.
யார் எண்ணுவார்கள்?

ஜனவரியில் நாற்பது போர்டுகள் வந்தன.
ஸ்டாங்கா ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தாள்,
வேலை செய்தது.
காப்பி எடுக்கப் போனாள், நின்றுவிட்டது.
வந்து குனிந்தாள், உயிர் வந்தது.
"உன்னை மாதிரியே," என்றாள்,
"பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வேலை பார்க்கிறது."

பேட்டரியைச் சந்தேகித்தோம்.
பிறகு, ப்ரோகிராம் எழுதிய யெர்னெயை.
அவன் எங்களோடு சாப்பிட வருவதை நிறுத்தினான்.
நான்காம் நாள் ஸ்டாங்கா
ஒரு விரலை அந்தப் பின்னுக்கு மேலே பிடித்தாள்,
தொடாமல், அடுப்புச் சூடு பார்ப்பதுபோல்.
எடுத்தாள். பிடித்தாள். எடுத்தாள்.
"இந்தக் கால் எதிலும் கட்டப்படவில்லை."
"கட்டியிருக்கிறேன், படத்தைப் பார்."
பார்த்தோம். கட்டித்தான் இருந்தது.

கண்ணால் காண்பதும் பொய்.
தீர விசாரிக்க
நாற்பது மடங்கு பெரிதாக்க வேண்டியிருந்தது.
ரெசிஸ்டர் ஒரு கொட்டகை அளவு வளர்ந்தபோது
அதன் காலுக்கும் வயரின் நுனிக்கும் நடுவே
வெள்ளையாக ஒரு சந்து.
ஆள் நுழையலாம். நான்தான்
நுழைந்து போயிருக்கிறேன்,
அழகு பார்த்துக்கொண்டே.

யெர்னெயிடம் மன்னிப்புக் கேட்டேன்.
ஹெட்ஃபோனைக் கழற்றாமல் தலையாட்டினான்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து
கிரிட்டுக்குக் கொண்டுவா என்றேன்.
தூக்கத்தில் உதறுவதுபோல்
படம் ஒருமுறை துடித்தது.
இப்போது ரெசிஸ்டரின் பெயர்மேல்
பக்கத்துப் பெயர் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
இரண்டையும் வாசிக்க முடியவில்லை.
அப்படியே விட்டிருக்கிறேன்.
பார்க்கும்போதெல்லாம் பல் கூசுகிறது.

அச்சாகிவிட்ட நாற்பதுக்கும் வேறு வழியில்லை.
மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே ஸ்டாங்கா
முடி போன்ற கம்பியை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள்.
அதற்கு எந்தப் புள்ளியும் இல்லை, அவள் கைதான்.
முப்பத்தொன்றாவதில் எழுந்து
ஜன்னலோரம் போய் நின்றாள். பார்த்தேன்,
போர்டின் பச்சை விளக்கு அணையவில்லை.

பிப்ரவரி, அதிகாலை. விங்கோவின் ஃபோன்:
"பதினேழாம் பெட்டி நாற்பது கிராம் குறைவு.
உன் தராசு சரிதானா?"
சரிதான் என்றேன்.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
"அப்படியென்றால் தின்றிருக்கின்றன," என்றார்.